நாலு பேர், ஒரு மேடை, 50 வருஷம்: வாசகர் கேள்வி-பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு வாசகர், "ரெக்வியம் ஃபார் எ ட்ரீம் படத்துல வர்ற அந்த வயலின் தீம், எந்த ட்ரெய்லர் பாத்தாலும் காதுல விழுதே, வாசிச்சது யாரு"ன்னு கேட்டிருந்தார். நானும் "இசை கிளின்ட் மான்செல், வாசிச்சது க்ரோனோஸ் குவார்டெட், 2000ல வந்த படம்"னு ஒரே வரியில முடிச்சுட்டேன். அது பத்தலன்னு இப்ப கேள்வியா குவிஞ்சு கிடக்கு. சினிமா, அரசியல் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, இந்த இதழ் முழுக்க குவார்டெட்தான்.

ஸ்ட்ரிங் குவார்டெட்னா என்ன சார்? ஆர்க்கெஸ்ட்ராவுல இருந்து நாலு பேரை தனியா உக்கார வெச்சா அதுவா?
(ஒரு வாசகர், ஈரோடு)

ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா பாக்க வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெருசு, குரல் தடிமன். செல்லோ கால் நடுவுல நிறுத்தி வெச்சு வாசிக்கறது. ஆர்க்கெஸ்ட்ராவுல ஒரே வரியை பத்து பதினஞ்சு வயலின் சேர்ந்து வாசிக்கும், ஒருத்தர் லேசா பிசிறினாலும் கூட்டத்துல கரைஞ்சிடும். இங்க ஒரு வரிக்கு ஒரே ஆள், ஒளிய இடமே கிடையாது.

18ஆம் நூற்றாண்டுல ஆஸ்திரிய கம்போசர் ஹைடன் இந்த வடிவத்தை பிடிச்சு 68 குவார்டெட் எழுதி வெச்சுட்டு போனார், அப்புறம் மொசார்ட், பீத்தோவன்னு எல்லாரும் இதுல கை வெச்சாங்க. அப்பல்லாம் இது பெரும்பாலும் பிரபு வீட்டு ஹால்ல தெரிஞ்சவங்க உக்காந்து வாசிச்சுக்கற சமாச்சாரம்தான். சந்தா வாங்கி, பொதுஜனத்துக்கு குவார்டெட் கச்சேரின்னு முதல்ல நடத்தினவங்கள்ல முக்கியமானவர் வியன்னாவுல இருந்த வயலின்காரர் ஷுப்பான்சிக், 1804-05 சீசன்ல. பீத்தோவனுக்கு ரொம்ப நெருக்கம், அவரோட தொப்பையை கிண்டல் பண்ணியே பீத்தோவன் ஒரு குட்டிப் பாட்டு எழுதியிருக்கார்னா பாத்துக்கங்க. ஆனா அதே பீத்தோவன் பின்னாடி எழுதின குவார்டெட்டெல்லாம் ஞாயித்துக்கிழமை ஜாலிக்கு வாசிக்கற ஆளுங்களால கிட்டவே போக முடியாத கஷ்டம், முழுநேர ஆளு வேணும்னு ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

க்ரோனோஸ் எப்படி ஆரம்பிச்சாங்க? பெரிய இடத்துப் பசங்களா?
(ஒரு வாசகி, மதுரை)

அப்படியெல்லாம் இல்லம்மா. 1973, அமெரிக்காவுல சியாட்டில். டேவிட் ஹாரிங்டன்னு இருபதுகள்ல இருந்த ஒரு வயலின்காரர் ராத்திரி ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கார், அதுல அமெரிக்க கம்போசர் ஜார்ஜ் க்ரம் எழுதின 'பிளாக் ஏஞ்சல்ஸ்' வருது. வியட்நாம் போர் நேரத்துல, 1970ல எழுதி முடிச்சது, "போர்க்காலத்தில்"னு லத்தீன்ல தேதி போட்டு கையெழுத்து போட்டிருப்பார் க்ரம். அதைக் கேட்ட வேகத்துல, இதை வாசிக்கணும்னா ஒரு குவார்டெட் வேணும், சரி நாமளே ஆரம்பிச்சிடுவோம்னு கிளம்பினதுதான் க்ரோனோஸ்.

அந்த பீஸ்ல அப்படி என்ன இருக்குன்னு கேப்பீங்க. நாலு வாத்தியமும் ஆம்ப்ளிஃபயர்ல போகுது. ஆரம்பமே பூச்சிக் கூட்டம் மேல விழற மாதிரி கிறீச்னு கத்தும், ஹெட்போன்ல கேட்டா வால்யூமை முதல்லயே கொறைச்சு வெச்சிடுங்க. ஒரு இடத்துல வாத்தியத்தை மடியில நிமித்தி வெச்சு, இடது கை விரலுக்கு அந்தப் பக்கம், அதாவது வில் போகவே கூடாத பக்கத்துல வில்லைப் போட்டு வாசிக்கணும், அப்ப வர்ற சத்தம் பழைய காலத்து வாத்தியம் மாதிரி மூக்கடைச்சு இருக்கும். இன்னொரு இடத்துல விரல் நுனியில தையல்காரர் போடற உலோகக் கூடு மாட்டிக்கிட்டு கம்பியைத் தட்டணும். கண்ணாடி கிளாஸ்ல தண்ணி அளவா ஊத்தி சுருதி சேத்து வெச்சிருப்பாங்க, மூணு பேர் அந்த கிளாஸ் விளிம்புல வில்லு போட, செல்லோ மட்டும் தனியா மேல பாடும். நடுநடுவுல பல பாஷையில நம்பர் எண்ணுவாங்க, கத்துவாங்க, முணுமுணுப்பாங்க. நம்ம ஜலதரங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த கிளாஸ் சத்தம் ஒண்ணும் அந்நியமா இருக்காது.

பணம்? கையில ஒண்ணும் கிடையாது. முதல் முதலா புதுசா ஒரு பீஸ் எழுதித் தரச்சொல்லி கேட்டது ஹாரிங்டனோட பழைய வாத்தியார் கென் பென்ஷூஃப் கிட்ட, அதுக்குக் கொடுத்த கூலி ஒரு பை டோனட். நிஜமாத்தான். 1978ல சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு வந்தாங்க, அந்த சமயத்துல சேர்ந்தவங்கதான் ஜான் ஷெர்பா, ஹேங்க் டட், செல்லோவுல ஜோன் ஜான்ரெனோ. இந்த நாலு பேர் கூட்டணி 1999 வரைக்கும் ஆடாம அசையாம நின்னுச்சு.

பீத்தோவன், மொசார்ட்டெல்லாம் வாசிக்க மாட்டாங்களா? வராதா, இல்ல பிடிக்காதா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

வரும். ஆனா அதுக்கு உலகத்துல நூறு குவார்டெட் இருக்கு, நாங்க உயிரோட இருக்கற கம்போசரைத் தேடிப் போறோம்ங்கறதுதான் இவங்க லைன். புது பீஸ், வேற பாட்டை குவார்டெட்டுக்கு மாத்தி எழுதினது எல்லாம் சேத்து இதுவரைக்கும் 1000க்கு மேல இவங்களுக்காக எழுதப்பட்டிருக்கு. என்னைக் கேட்டா இவங்க கலைவாழ்க்கையில பெரிய விஷயம் விரல் வேகமோ நாதமோ இல்லைங்க, நாதத்துல இவங்களை விட மெத்துனு வாசிக்கற குவார்டெட் பல இருக்கு. யார்கிட்ட போய் எதைக் கேக்கணும்னு தெரிஞ்சதுதான் இவங்க திறமை.

ஒரு உதாரணம் சொல்றேன், அதுல நம்ம நாட்டுத் தொடர்பும் இருக்கு. ஓக்லண்ட்ல மில்ஸ் காலேஜ்ல டெர்ரி ரைலின்னு ஒரு கம்போசர். ஹிந்துஸ்தானி சங்கீதத்துல கிரானா கரானா பாணிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்தோட சிஷ்யர், அந்தக் காலகட்டத்துல நோட்ஸ் எழுதறதையே விட்டுட்டு மனோதர்மமா வாசிச்சுக்கிட்டு இருந்த மனுஷன். ஹாரிங்டன் விடாம போய் போய் நச்சரிச்சு அவரை மறுபடி பேப்பர்ல எழுத வெச்சார். 1980ல முதல் குவார்டெட் வந்துச்சு, அப்புறம் 25க்கு மேல எழுதிட்டார். அதுல 2002ல வந்த 'சன் ரிங்ஸ்'ல நாசா விண்கலங்கள் பதிவு பண்ணின விண்வெளி அலைகளோட சத்தமும் சேர்ந்து வரும்.

இன்னொரு பக்கம் ராக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸோட 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டை கச்சேரி முடிவுல வாசிச்சு பெருசுங்களை அலற விடுவாங்க. 1992ல ஆப்பிரிக்க கம்போசர்கள் எழுதினதை மட்டும் வெச்சு 'பீசஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா'ன்னு ஒரு ஆல்பம், அது பில்போர்டுங்கற அமெரிக்கப் பத்திரிகையோட கிளாசிக்கல் பட்டியல், வேர்ல்ட் மியூசிக் பட்டியல் ரெண்டுலயும் முதல் இடம். எல்லா ஆல்பமும் தேறும்னு சொல்ல மாட்டேன், 60க்கு மேல இருக்கு, சிலது ஒரு தடவை கேட்டு வெச்சுட வேண்டியதுதான்.

குச்சி ஆட்டி நடத்தற கண்டக்டர் இல்லாம நாலு பேரும் எப்படி ஒண்ணா ஆரம்பிக்கறாங்க, ஒண்ணா முடிக்கறாங்க?
(ஒரு வாசகர், பெங்களூரு)

மூச்சு சார். வீடியோவுல சத்தத்தைக் கூட்டி வெச்சு கேளுங்க, பீஸ் தொடங்கறதுக்கு ஒரு கணம் முன்னாடி முதல் வயலின்காரர் மூக்கால "ஸ்ஸ்"னு இழுப்பார், அந்த மூச்சோட வேகம்தான் காலப்பிரமாணம். அதோட வயலின் தலை லேசா மேல போகும், இறங்கற நேரத்துல நாலு வில்லும் கம்பியில இருக்கும். நடுவுல யார் கையில முக்கிய வரி இருக்கோ அவர்தான் அந்த நேரத்துக்கு தலைவர், செல்லோக்காரர் புருவத்தைத் தூக்கினா மூணு பேரும் புரிஞ்சுக்குவாங்க.

இதைவிட பெரிய தலைவலி சுருதி. இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு சுவாரஸ்யமா இருக்கும். செல்லோவோட கடைசி கம்பியை ஸட்ஜமா வெச்சுக்குவோம். அதுக்கு பஞ்சமம் அடுத்த கம்பி, அந்த பஞ்சமத்துக்கு பஞ்சமம் அதுக்கடுத்தது, இப்படியே நாலு தடவை ஏறினா வயலினோட மேல் கம்பி, அது அந்தர காந்தாரத்துல வந்து நிக்கணும். ஒவ்வொரு பஞ்சமத்தையும் சுத்தமா சேத்தீங்கன்னா கடைசியில வர்ற காந்தாரம், ஸட்ஜத்தோட இனிமையா சேர்ற காந்தாரத்தை விட கொஞ்சம் தூக்கலா இருக்கும், கணக்குப்படி 81க்கு 80. நம்ம 22 சுருதி கணக்குல பிரமாண சுருதின்னு சொல்ற அதே இடைவெளிதான் இது. செல்லோ கீழ ஸட்ஜம் பிடிச்சு வயலின் மேல வெறும் கம்பியை விட்டா காது கூசும். அதனால பல குவார்டெட்காரங்க பஞ்சமத்தை எல்லாம் ஒரு மயிரிழை சுருக்கி, செல்லோவோட அடிக்கம்பியை லேசா ஏத்தி வெச்சுக்குவாங்க. அதுக்கப்புறமும் வாசிக்கும்போது ஒவ்வொரு கார்டுலயும், அதாவது பல ஸ்வரம் ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கற இடத்துல, யாரு விரலை எந்தப் பக்கம் நகத்தணும்னு பேசி முடிவு பண்ணணும், ஒரே ஒரு கார்டுக்கு அரை மணி நேரம் போகும். வெளியில இருந்து பாத்தா ரிகர்சல்னா வாசிக்கறதுதான்னு தோணும், பாதி நேரம் பென்சிலும் கையுமா விவாதம்தான்.

சண்டை வராதா?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

வராமயா. புடாபெஸ்ட் குவார்டெட்னு ஒரு பழைய பிரபல குழு, ஹங்கேரியில தொடங்கினது, 1936 வாக்குல பாத்தா நாலு பேரும் ரஷ்யப் பேரரசுல பொறந்தவங்க, ஒரு ஹங்கேரிக்காரர் கூட இல்ல. அவங்களை வெச்சு ஒரு ஜோக்: ஒரு ரஷ்யன்னா அராஜகவாதி, ரெண்டு ரஷ்யன்னா செஸ் ஆட்டம், மூணுன்னா புரட்சி, நாலுன்னா புடாபெஸ்ட் குவார்டெட்.

செகண்ட் வயலின்னா முதல் வயலினை விட மட்டமா? அதுல போய் வாழ்நாள் பூரா உக்கார எப்படி மனசு வருது?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

நல்லா கேட்டீங்க. மட்டம் இல்லம்மா, வேலை வேற. முதல் வயலின் மேல பறக்கும்போது அதோட நிறத்துக்கு ஏத்த மாதிரி தன் நிறத்தை மாத்திக்கிட்டு, அடுத்த நிமிஷம் வயோலாவோட சேர்ந்து தாளத்தைத் தாங்கி, திடீர்னு ரெண்டே தாளச் சுத்துக்கு தனக்கு வரி வந்தா அதுல பளிச்னு தெரியணும். ரிகர்சல்ல செகண்ட் வயலின் சரியில்லன்னா அந்தக் குவார்டெட் தேறாதுன்னு அனுபவஸ்தங்க சொல்வாங்க.

ஆனாலும் மனுஷ மனசு இருக்கே. 1976ல நியூயார்க்ல தொடங்கின எமர்சன் குவார்டெட் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, யூஜீன் ட்ரக்கர், ஃபிலிப் செட்சர் ரெண்டு பேரும் ஒருத்தர் இந்த பீஸுக்கு முதல் வயலின்னா அடுத்ததுக்கு மத்தவர்னு கடைசி வரைக்கும் மாத்தி மாத்தி உக்காந்தாங்க. 9 கிராமி வாங்கினாங்க, 2023 அக்டோபர்ல மூட்டை கட்டினாங்க. 47 வருஷம், அந்த ரெண்டு பேரும் முழுசா இருந்தாங்க.

அண்ணை, நாலு பேரிலை ஒருத்தர் செத்தா, அல்லது விலகினா மிச்ச ஆக்கள் என்ன செய்வினம்? பேரை மாத்துவினமோ?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு குவார்டெட்டும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கு தம்பி.

அமாடியஸ் குவார்டெட் கதையை முதல்ல சொல்றேன். நார்பர்ட் ப்ரெய்னின், சீக்மண்ட் நிஸல், பீட்டர் ஷிட்லோஃப் மூணு பேரும் ஹிட்லர்கிட்ட இருந்து தப்பி ஆஸ்திரியாவுல இருந்து பிரிட்டனுக்கு வந்த யூத இளைஞர்கள். போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசாங்கம் "நீங்க எதிரி நாட்டு ஆளு"ன்னு இவங்களையே பிடிச்சு முகாம்ல போட்டுச்சு. யாருக்கு பயந்து ஓடி வந்தாங்களோ அவனோட ஆளுன்னு சொல்லியே உள்ள வெச்சா எப்படி இருக்கும்! ஆனா அந்த முகாம்கள்லதான் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சாங்க. வெளிய வந்து மார்ட்டின் லவ்வெட்ங்கற இங்கிலாந்து செல்லோக்காரரைச் சேத்துக்கிட்டு, 1948 ஜனவரியில லண்டன் விக்மோர் ஹால்ல அமாடியஸ்ங்கற பேர்ல முதல் கச்சேரி. வயலின்காரரான ஷிட்லோஃப் குழுவுக்காக வயோலாவுக்கு மாறினார். ஒரே நாலு பேர், கிட்டத்தட்ட 40 வருஷம். 1987ல ஷிட்லோஃப் இறந்தார், மத்த மூணு பேரும் வேற ஆள் தேடவே இல்ல, அதோட குவார்டெட் முடிஞ்சுது.

இதுக்கு நேர் எதிர் டகாச். 1975ல புடாபெஸ்ட்ல நாலு மாணவர்கள் ஆரம்பிச்சது, முதல் வயலின் காபோர் டகாச்-நாகியோட பேர்லதான் குழுவே. 1993ல அவரே விலகிட்டார்! அந்த இடத்துக்கு எட்வர்ட் டுசின்பெர்னு ஒரு சின்ன வயசு இங்கிலாந்துக்காரர் வந்தார், பேரு டகாச்சாவே இருக்கு, குழுவும் முன்ன விட பெரிய பேர் வாங்கிடுச்சு. டகாச் இல்லாத டகாச். குவார்னெரி குவார்டெட்ல செல்லோக்காரர் டேவிட் சோயர் 2001ல ஓய்வு எடுத்துக்கிட்டப்ப அவரோட சிஷ்யர் பீட்டர் வைலியே அந்த நாற்காலியில உக்காந்தார், அது ஒரு அழகு.

க்ரோனோஸ்ல செல்லோ நாற்காலிதான் ராசியில்லாத நாற்காலி போல, 1999க்கு அப்புறம் நாலு பேர் மாறியாச்சு, இப்ப பால் வியான்கோ. 2024ல இன்னும் பெரிய மாற்றம், ஷெர்பாவும் டட்டும் ரெண்டு பேரும் 45 வருஷத்துக்கு மேல வாசிச்சுட்டு ஒரே நேரத்துல ஓய்வு பெற்றாங்க, அந்த இடத்துக்கு கேப்ரியேலா டியாஸ், அயானே கொசாசா வந்தாங்க. ஆரம்பத்துல இருந்து இருக்கறது ஹாரிங்டன் ஒருத்தர்தான். பேரு மாறல. என் அபிப்பிராயம், அமாடியஸ் பண்ணினதும் சரி, க்ரோனோஸ் பண்றதும் சரி. அமாடியஸ்ங்கறது அந்த நாலு பேரோட குரல், அது போனா போச்சு. க்ரோனோஸ்ங்கறது ஒரு வேலைத்திட்டம், அதுக்கு ஆளு மாறலாம்.

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், வெஸ்டர்ன் வயலின் வாசிக்கறேன். குவார்டெட்டை முழுநேர தொழிலா வெச்சு பிழைக்க முடியுமா அண்ணா?
(ஒரு மாணவர், சென்னை)

டிகிரியை முடிச்சுடு தம்பி, அப்புறம் பேசுவோம். சும்மா சொன்னேன், ஆனா பாதி நிஜம்.

கச்சேரிக்கு வர்ற ஃபீஸை எடுத்துக்கோ. அதுல ஏஜென்ட் கமிஷன், ஃப்ளைட், ஹோட்டல் எல்லாம் போய் மிச்சத்தை நாலா பிரிக்கணும். ஃப்ளைட்னா அஞ்சு டிக்கெட், செல்லோவை லக்கேஜ்ல போட யாருக்கும் தைரியம் வராது, அதுக்கும் ஒரு சீட். தனி சோலோ வாசிக்கறவருக்கு வர்றதை நாலு பேர் பங்கு போட்டுக்கற பிழைப்புன்னு வெச்சுக்கோயேன். ரெக்கார்டிங்ல இப்ப காசு கிடையாது. அதனாலதான் பெரிய குவார்டெட்டெல்லாம் ஒரு யுனிவர்சிட்டியோட ஒட்டிக்கும், டகாச்சுக்கு கொலராடோ, எமர்சனுக்கு ஸ்டோனி புரூக், ஜூலியார்ட் குவார்டெட்டுக்கு பேர்லயே ஸ்கூல் இருக்கு. மாச சம்பளம் வரும், ரிகர்சலுக்கு ரூம் கிடைக்கும், பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கணும், லீவு போட்டு டூர் போகலாம்.

க்ரோனோஸ் வேற மாதிரி போனாங்க. லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பா பதிவு பண்ணி, ஆபீஸ் போட்டு, ஆள் வெச்சு, நன்கொடை, அறக்கட்டளை நிதின்னு திரட்டறாங்க. புது பீஸுக்கு கம்போசர் ஃபீஸை தனியா கொடுக்காம, நியூயார்க்ல ஒரு ஹால், லண்டன்ல ஒரு ஹால்னு ரெண்டு மூணு இடத்தைச் சேத்து பங்கு போட வெப்பாங்க, பதிலுக்கு அந்தந்த ஊர்ல முதல் அரங்கேற்றம் அவங்களுக்கு. மேடையில நாலு பேர்தான் தெரியும், டூர்ல சவுண்டு இன்ஜினியரும் லைட்டிங் ஆளும் கூடவே போவாங்க, ஏன்னா இவங்க கச்சேரி மைக் இல்லாம நடக்காது. வருஷத்துல பல மாசம் ரோட்டுலதான். கல்யாணம், குழந்தை, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, எல்லாத்தையும் மத்த மூணு பேர் டைரியைப் பாத்துதான் முடிவு பண்ணணும். இதை யோசிச்சுக்கோ, சுருதி, தாளமெல்லாம் அப்புறம்.

ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் இல்லாம பெரிய குவார்டெட் ஆக முடியாதா? விலை என்ன இருக்கும்?
(ஒரு வாசகர், கரூர்)

தாராளமா ஆகலாம். விலையைக் கேட்டா மயக்கம் வரும். பாகனினின்னு பழைய காலத்து இத்தாலிய வயலின் மேதை தனக்குன்னு சேத்து வெச்சிருந்த, ஸ்ட்ராடிவேரிங்கற இத்தாலிய கைவினைஞர் செஞ்ச நாலு வாத்தியம் இருக்கு, 1680லயும் 1727லயும் செஞ்ச ரெண்டு வயலின், 1731 வயோலா, 1736 செல்லோ. 1994ல ஜப்பானோட நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷன் நாலையும் சேத்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கி, டோக்கியோ குவார்டெட்டுக்கு வாசிக்கக் கொடுத்துச்சு. சொந்தம் கிடையாது, கடன்தான். 2013ல அவங்க கலைஞ்சப்ப திருப்பிக் கொடுத்துட்டாங்க, இப்ப வேற குவார்டெட்டுக்கு போகுது. ஸ்ட்ராடிவேரி வயோலா உலகத்துலயே பத்து பன்னெண்டுதான் மிச்சம்ங்கறதால நாலா சேத்து கிடைக்கறது அபூர்வம். அந்த 1731 வயோலாவுக்குன்னுதான் பாகனினி பிரெஞ்சு கம்போசர் பெர்லியோஸ்கிட்ட ஒரு பீஸ் எழுதித் தரச்சொன்னார், எழுதினதைப் பாத்துட்டு "எனக்கு சும்மா நிக்கற இடம் ஜாஸ்தியா இருக்கே"ங்கற மாதிரி வாசிக்காமயே விட்டுட்டார். அதுதான் 'ஹெரால்ட் இன் இத்தாலி'.

கச்சேரி நடுவுல கம்பி அறுந்தா?
(ஒரு வாசகர், நாமக்கல்)

நிறுத்திட்டு உள்ள போய் மாத்திட்டு வந்து, அந்தப் பகுதியை மொதல்ல இருந்து வாசிப்பாங்க. புதுக் கம்பி இழுத்துக்கிட்டே இருக்கும், மிச்ச கச்சேரி பூரா சுருதி இறங்கிக்கிட்டே போகும், பாவம்.

ஆஷா போஸ்லேவோட ஒரு ஆல்பம் பண்ணினாங்களாமே, கேக்கலாமா?
(ஒரு வாசகி, மும்பை மாட்டுங்கா)

2005ல வந்துச்சு, 'யூ ஹேவ் ஸ்டோலன் மை ஹார்ட்', எல்லாமே ஆர்.டி. பர்மன் பாட்டு. ஹாரிங்டனுக்கு பர்மன் மேல பைத்தியம், உலகத்தோட பெரிய கம்போசர்கள்ல ஒருத்தர்னு நினைக்கறவர். 70 வயசு தாண்டின ஆஷாஜி, தன்னோட பழைய பாட்டையே மறுபடி பாடினாங்க, தபலா ஜாகிர் ஹுசேன், சீன வாத்தியமான பிப்பா வூ மான். நாலு பேரும் வயலின் செல்லோவோட நிக்காம கீபோர்டு, காங்குன்னு கைக்கு வந்ததெல்லாம் வாசிச்சாங்க, பர்மன் ஆர்க்கெஸ்ட்ரால இருந்த விதவிதமான சத்தத்தை நாலு பேர் கொண்டு வரணுமே. கிராமிக்கு நாமினேட் ஆச்சு.

என் தீர்ப்பு: 'தம் மாரோ தம்' ஒரிஜினல் கிட்ட நிக்காது, அந்த கிறக்கம் இதுல இல்ல. 'மேரா குச் சாமான்' கேளுங்க, அதுல தந்தி வாத்தியத்துக்கு இடம் இருக்கு, ஆஷாஜி குரல்ல ஏறின வயசும் அந்தப் பாட்டுக்குப் பொருந்துது. இதைவிட எனக்கு பிடிச்சது 2009ல வந்த 'ஃபுளட்பிளெயின்' ஆல்பத்துல இருக்கற ஒரு சின்ன சமாச்சாரம், சாரங்கி மேதை ராம் நாராயண் வாசிச்ச மிஸ்ர பைரவி ஆலாப்பை இவங்க குவார்டெட்டுக்கு மாத்தி வாசிச்சது. சாரங்கியோட இழைப்பு வெஸ்டர்ன் வயோலாவுல எவ்ளோ தூரம் வருது, எங்க வராம நின்னுடுதுன்னு கூர்ந்து கேட்டா புரியும், நம்ம காதுக்கு நல்ல பயிற்சி.

நம்ம ஊர்ல குவார்டெட்டே கிடையாதா?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

ஏன் இல்லாம? மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட். 1990கள்ல வி.எஸ். நரசிம்மன் ஆரம்பிச்சது. பேரு தெரியலன்னாலும் அவர் வயலினை நீங்க ஆயிரம் தடவை கேட்டிருப்பீங்க, இளையராஜா பாட்டுல, 1986ல வந்த 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்துல எல்லாம் அவர் வாசிப்புதான். சினிமா ரெக்கார்டிங்ல வாசிக்கற ஆட்களைச் சேத்துக்கிட்டு கர்நாடக கீர்த்தனைகளை குவார்டெட்ல கொண்டு வந்தார், மேல கமகத்தோட கீர்த்தனை அப்படியே போகும், கீழ மூணு பேர் ஹார்மனி, அதாவது அதோட சேர்ந்து ஒலிக்கற வேற ஸ்வரங்கள். ரொம்ப சிக்கலான வேலை இது, ராகத்துல இல்லாத ஸ்வரம் ஹார்மனியில நுழைஞ்சா நம்மாளு முகம் சுளிப்பார், நுழையலன்னா ஹார்மனி சப்புனு இருக்கும். 'ரிசர்ஜென்ஸ்'னு ஆல்பம் இருக்கு, தேடிக் கேளுங்க. க்ரோனோஸுக்கு கிடைச்ச நிதியும் மேடையும் இவங்களுக்கு கிடைச்சிருந்தா எங்கேயோ போயிருப்பாங்கங்கற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஒரே ஒரு பீஸ் கேக்கணும்னா எது?
(ஒரு வாசகர், சேலம்)

அமெரிக்க கம்போசர் ஸ்டீவ் ரைக்கோட 'டிஃபரன்ட் ட்ரெய்ன்ஸ்', 1988ல க்ரோனோஸுக்காக எழுதினது, அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். ரைக் சின்னப் பையனா இருந்தப்ப அப்பா அம்மா பிரிஞ்சு ஒருத்தர் நியூயார்க், ஒருத்தர் லாஸ் ஏஞ்சல்ஸ், 1939ல இருந்து 1942 வரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல ரயில்லயே போய் வந்தார். பின்னாடி யோசிச்சா, அதே வருஷங்கள்ல தான் ஐரோப்பாவுல இருந்திருந்தா, யூதன்ங்கறதால வேற ரயில்ல ஏத்தியிருப்பாங்களேன்னு உறைச்சுது. தன்னை வளர்த்த ஆயா, அந்தக் காலத்து ரயில்ல வேலை பாத்த ஒரு பெரியவர், வதைமுகாம்ல இருந்து தப்பிச்சவங்க, இவங்க பேச்சை டேப்புல வெச்சார். அந்தப் பேச்சுல இருக்கற ஏத்த இறக்கத்தை அப்படியே ஸ்வரமாக்கி, பொம்பளைங்க குரலுக்கு வயோலா, ஆம்பளைங்க குரலுக்கு செல்லோன்னு வாசிக்க வெச்சார். க்ரோனோஸ் தங்களையே பல ட்ராக்குல பதிவு பண்ணி, அதோட மேடையில நேர்லயும் வாசிப்பாங்க. மூணு பகுதி, நடுப் பகுதியில ரயில் ஊதல் சைரனா மாறும். அந்த கம்போசிஷனுக்கு கிராமி கிடைச்சுது.

என் பொண்ணு பத்தாவது படிக்கறா, வயலின்ல ட்ரினிட்டி கிரேடு முடிச்சுக்கிட்டு வர்றா. ஃப்ரெண்ட்ஸோட குவார்டெட் வாசிக்க ஆசை, நோட்ஸ் வாங்க விலை பயங்கரமா இருக்கு. வழி இருக்கா சார்?
(ஒரு அப்பா, திருச்சி)

இருக்கு. க்ரோனோஸ் 2015ல கார்னகி ஹால் மாதிரி இடங்களைச் சேத்துக்கிட்டு 'ஃபிஃப்டி ஃபார் தி ஃபியூச்சர்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 50 கம்போசர், 25 ஆம்பளை 25 பொம்பளை, ஆளுக்கு ஒரு பீஸ், மாணவர் குழுக்களுக்காகவே எழுதி வாங்கினது. ஸ்கோரும் நாலு பேரோட தனித்தனி பார்ட்டும் க்ரோனோஸ் வெப்சைட்ல இலவசமா எடுத்துக்கலாம், எப்படி வாசிக்கணும்னு அவங்களே வாசிச்ச ரெக்கார்டிங்கும் இருக்கு. அந்த அம்பதுல ஜாகிர் ஹுசேன் எழுதினது ஒண்ணு, பேரே 'பல்லவி'. பாப்பாவுக்கு தாளம் நல்லா இருந்தா அதுல இருந்தே ஆரம்பிக்கலாம், ஆனா முதல் தடவையே முழுசா வாசிக்கணும்னு பிடிவாதம் வேண்டாம், பத்து தாளச் சுத்து எடுத்துக்கிட்டு நாலு பேரும் மெதுவா, எண்ணிக்கிட்டே வாசிக்கட்டும். ஹைடனோட குவார்டெட்டும் காப்பிரைட் முடிஞ்சதுங்கறதால இணையத்துல இலவசமாவே கிடைக்கும், அதையும் பக்கத்துல வெச்சுக்கங்க.

வயலின் ரெண்டு பேரு சுலபமா கிடைச்சிடுவாங்க. வயலின் வாசிக்கற இன்னொரு பிள்ளையை வயோலாவுக்கு மாத்திக்கலாம், அமாடியஸ்ல ஷிட்லோஃப் பண்ணினதுதான், வேற கிளெஃப் (நோட்ஸ்ல எந்தக் கோட்டுல எந்த ஸ்வரம்னு காட்டற குறி) படிக்கப் பழகணும், அவ்ளோதான். திருச்சியில செல்லோ வாசிக்கற பிள்ளையைக் கண்டுபிடிக்கறதுதான் உங்க வேலை, சர்ச் காயர் பக்கம் விசாரிச்சுப் பாருங்க.